ஆண்டுவிழா மேடையில் பெயர் வராதவர்கள்!

பள்ளி ஆண்டுவிழா அழைப்பிதழ் வீட்டில் இருந்தால் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, ஆண்டறிக்கை, சிறப்புரை, பரிசளிப்பு, நன்றியுரை எனப் பக்கம் முழுக்கப் பெயர்கள் இருக்கும். அதில் மதிய உணவு சமைப்பவர் பெயர் இருக்கிறதா? காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து கேட்டைத் திறப்பவர் பெயர்? எல்.கே.ஜி குழந்தை ஆடையை நனைத்துக்கொண்டால் முகம் சுளிக்காமல் மாற்றிவிடும் ஆயாம்மாவின் பெயர்? எந்த ஸ்டாப்பில் எந்தக் குழந்தை தூங்கிவிடும் என்று தெரிந்து வைத்திருக்கும் வேன் அண்ணனின் பெயர்?

பெரும்பாலும் இருக்காது. குழந்தைகளைக் கேட்டால் அவர்களுக்கே தெரியாது. "ஆயாம்மா", "வேன் அண்ணா", "வாட்ச்மேன் தாத்தா" அவ்வளவுதான்.

'இன்ஸ்பிரேஷன்' என்றாலே நம் போனில் வந்து நிற்பது கிரிக்கெட் வீரர்கள், தொழிலதிபர்கள், மோட்டிவேஷன் பேச்சாளர்கள்தான். பள்ளியில் 'என்னைக் கவர்ந்த தலைவர்' என்று கட்டுரை எழுதச் சொன்னால் பிள்ளைகள் அப்துல் கலாமையோ காமராஜரையோ எழுதுகிறார்கள். எழுதட்டும், நல்லதுதான். ஆனால், தினமும் பார்க்கிற முகங்களிலேயே கற்றுக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது. இந்த வாரம் அந்த முகங்களைப் பற்றி.

80 பேருக்கு 8 கிலோ

அரசுப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் ஒரு நாள் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? முதலில் ஒரு எண் வர வேண்டும். இன்று எத்தனை பேர் வந்திருக்கிறார்கள், எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்ற எண். அதை வைத்துத்தான் அரிசி அளக்கப்படும். 1 முதல் 5-ம் வகுப்பு வரை ஒரு குழந்தைக்கு 100 கிராம், 6 முதல் 8 வரை 150 கிராம் என்பது கணக்கு. 80 பேர் சாப்பிடும் தொடக்கப் பள்ளி என்றால் 8 கிலோ அரிசி. கூடவே வாரத்தின் ஐந்து பள்ளி நாள்களிலும் ஆளுக்கொரு முட்டை. முட்டை சாப்பிடாத குழந்தைக்கு வாழைப்பழம்.

வீட்டில் நான்கு பேருக்குச் சமைக்கும்போதே ஒரு நாள் உப்பு கூடும், ஒரு நாள் சாதம் குழையும். 80 பேருக்கு, மதிய பெல் அடிப்பதற்குள், அளவு தப்பாமல் வடித்து இறக்குவது தனித் திறமை. அதற்கும் மேல் ஒன்று இருக்கிறது. எந்தப் பையன் இரண்டாம் முறை தட்டு நீட்டக் கூச்சப்படுவான், எந்தப் பெண்ணுக்குக் காரம் ஆகாது, திங்கட்கிழமை யார் அதிகப் பசியோடு வருவார்கள் என்பதெல்லாம் பல வருடம் பரிமாறிய கைக்குத் தெரியும். இது எந்தப் பதிவேட்டிலும் இல்லாத கணக்கு.

இந்த அடுப்புக்கு நூறு வருடங்களைத் தாண்டிய வரலாறு இருக்கிறது. 1920-ல் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த ஒரு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தரப்பட்டது. 1956-ல் காமராஜர் முதல்வராக இருந்தபோது, பாரதி பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. அதன் ஆரம்ப நாள்களில் ஊர் மக்கள் கொடுத்த நன்கொடைதான் பெரிய பலம். 1982 ஜூலை 1-ம் தேதி திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 2022 செப்டம்பர் 15-ம் தேதி மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் வந்தது. முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள். அடுத்த ஆண்டு ஆகஸ்டிலேயே மாநிலம் முழுக்க உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது.

தலைவர்கள் பெயரைச் சொல்லிவிட்டோம். ஆனால், அத்தனை வருடமும் அடுப்படியில் நின்றவர்கள் யார்? பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான பெண்கள். காலை உணவுத் திட்டத்தில் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்தவர்கள். அதே பள்ளியில் படிக்கும் குழந்தையின் அம்மாவாக இருந்தால் முன்னுரிமை. தன் பிள்ளைக்காக விடியும் முன் எழுகிற அம்மா, தன் பிள்ளையோடு படிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து எழுகிறார். ரவையோ, சேமியாவோ, பொங்கலோ, பள்ளி தொடங்கும் முன் சூடாகத் தட்டில் விழ வேண்டும்.

தட்டைத் தள்ளியவர்கள் முன்னால்...

இந்த வேலை எப்போதும் பாராட்டோடு நடப்பதில்லை. 2023 செப்டம்பரில், அதே எட்டயபுரம் வட்டாரத்தில் ஒரு சிறிய கிராமத்துப் பள்ளியில், பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பெண் சமைத்ததால் குழந்தைகள் காலை உணவைச் சாப்பிடவில்லை என்ற செய்தி வந்தது. ஊரார் சிலர், 'இது சாதிப் பிரச்னை இல்லை, தனிப்பட்ட தகராறு' என்றார்கள். தொகுதி எம்.பி-யும் அமைச்சரும் கலெக்டரும் நேரில் போய், குழந்தைகளோடு உட்கார்ந்து அந்த உணவைச் சாப்பிட்டார்கள். அதே வாக்கில் கரூர் மாவட்டத்திலும் இப்படி ஒரு புகார் எழுந்து, கலெக்டர் நேரில் போக வேண்டிவந்தது.

கேமராக்கள் ஒரு நாள் வந்து போய்விடும். பள்ளிக்கு மறுநாளும் காலை உணவு வேண்டும். இப்படி ஒரு புகார் எழும் எந்த ஊரிலும், மறுநாள் விடியற்காலையில் யாரோ ஒரு பெண் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடியும் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். நேற்று தட்டைத் தள்ளிய வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்தே ரவை வறுக்க வேண்டும். துணிச்சல் என்ற சொல்லுக்குப் பிள்ளைகளுக்கு உதாரணம் சொல்ல, எங்கோ போர்க்களத்துக்குப் போக வேண்டியதில்லை.

மகள் பெயரில் ஒரு கட்டடம்

சமையல் கூடத்துக்கு வெளியே வருவோம். பள்ளிக்குள் ஒரு வேலையும் பார்க்காதவர்கள்கூட, ஒரு பள்ளியின் ஆட்களாக மாறிவிடுவது உண்டு.

மதுரை ஒத்தக்கடை பக்கத்தில் இருக்கிறது யா.கொடிக்குளம். அங்கே ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. நடுநிலைப் பள்ளி என்றால் 8-ம் வகுப்போடு முடிந்துவிடும். 9-ம் வகுப்புக்கு வேறு ஊர்ப் பள்ளிக்குப் போக வேண்டும். பஸ், தூரம், வீட்டுச் சூழல் என்று காரணங்கள் சேர்ந்து, சில பிள்ளைகளின் படிப்பு, குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் படிப்பு, நின்றுபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக உயர்த்த வேண்டும் என்றால் இடம் வேண்டும்.

அந்த இடத்தைக் கொடுத்தவர் ஆயி என்கிற பூரணம் அம்மாள். வங்கி ஊழியர். கணவரை இழந்து, ஒரே மகள் ஜனனியை வளர்த்தவர். அந்த மகளும் இறந்துபோனார். 2024 ஜனவரியில், தனக்குச் சொந்தமான 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தைப் பள்ளிக்காகத் தானமாக எழுதிக்கொடுத்தார் பூரணம் அம்மாள். அதன் மதிப்பு சுமார் 7 கோடி ரூபாய் என்று சொல்லப்பட்டது. அவர் கேட்டது, பள்ளி உயர்நிலைப் பள்ளி ஆக வேண்டும், அங்கே எழும் கட்டடத்துக்கு மகள் ஜனனியின் பெயர் இருக்க வேண்டும் என்பதுதான்.

விழா வைத்து, மாலை போட்டு, போட்டோ எடுத்துக் கொடுக்கவில்லை. பத்திரம் பதிந்து கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். விஷயம் பிறகுதான் வெளியே தெரிந்தது. அந்த ஆண்டு குடியரசு தின விழாவில் தமிழக அரசு அவருக்குச் சிறப்பு விருது கொடுத்துக் கௌரவித்தது. அதற்கடுத்து வந்த வாரங்களில் மேலும் 91 சென்ட் நிலத்தையும் பள்ளிக்கே கொடுத்தார்.

7 கோடி என்ற எண்ணைப் பார்த்துப் பிரமிப்பது எளிது. யோசித்துப் பார்த்தால், அதைவிடப் பெரியது இன்னொன்று. தன் மகள் இல்லாத உலகில், மற்றவர் மகள்கள் 9-ம் வகுப்புக்குப் போக வேண்டும் என்று ஓர் அம்மாவுக்குத் தோன்றியதே, அது.

ஆரஞ்சு என்ன விலை?

பக்கத்து மாநிலத்திலும் இப்படி ஒருவர் இருக்கிறார். கர்நாடகாவின் மங்களூரில் கூடையில் ஆரஞ்சு விற்றவர் ஹரேகல ஹாஜப்பா. ஒரு நாள் வெளிநாட்டுக்காரர்கள் வந்து, "என்ன விலை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். பள்ளிக்கே போகாத ஹாஜப்பாவுக்குப் புரியவில்லை. பதில் சொல்ல முடியாமல் நின்றார். அவர்கள் போய்விட்டார்கள்.

ஒரு வியாபாரம் போனது பெரிய நஷ்டமில்லை. ஆனால், அந்த அவமானம் அவரை விடவில்லை. தனக்கு வந்த நிலை தன் ஊர்ப் பிள்ளைகளுக்கு வரக் கூடாது என்று நினைத்தார். அவருடைய நியூபடப்பு கிராமத்தில் அப்போது பள்ளி இல்லை. ஆரஞ்சு விற்ற காசில் மிச்சம் பிடித்து, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, நன்கொடை கேட்டு, 2000-ம் ஆண்டு வாக்கில் ஊருக்கு ஒரு பள்ளியைக் கொண்டுவந்தார். அது படிப்படியாக உயர்நிலைப் பள்ளி வரை வளர்ந்தது. ஊர்க்காரர்கள் அவரை 'அட்சர சந்தா', அதாவது எழுத்துத் துறவி என்று அழைக்கிறார்கள்.

2020-ம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது, அவர் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தார். 2021 நவம்பரில் குடியரசுத் தலைவர் கையால் விருது வாங்க, வெறுங்காலோடு நடந்து போனார். அந்தப் படம் அப்போது எல்லோர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இருந்தது, நினைவிருக்கலாம்.

பூரணம் அம்மாளிடம் நிலம் இருந்தது. ஹாஜப்பாவிடம் ஒரு கூடை ஆரஞ்சுதான் இருந்தது. இருவரும் செய்தது ஒரே வேலை. தன்னிடம் இருப்பதைப் பார்த்தார்கள், ஊர்ப் பள்ளிக்கு இல்லாததைப் பார்த்தார்கள்.

மாலை 5 மணி டீச்சர்கள்

நிலமும் இல்லை, சேமிப்பும் இல்லை என்பவர்களிடம் என்ன இருக்கிறது? மாலையில் கொஞ்ச நேரம் இருக்கிறது.

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், தமிழ்நாட்டில் 1 முதல் 8-ம் வகுப்பு வரையான குழந்தைகளுக்கு 2021 நவம்பர் 1-ம் தேதிதான் திறந்தன. ஏறக்குறைய 19 மாதங்கள். ஒன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்ட ஆரம்பித்த குழந்தை, திரும்பி வரும்போது மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்தது. ஸ்மார்ட்போன் இருந்த வீட்டுப் பிள்ளைகள் ஏதோ சமாளித்தார்கள். இல்லாத வீடுகளில் 'அ, ஆ'கூட மறந்துபோயிருந்தது.

அந்த நேரத்தில்தான், 2021 அக்டோபர் 27-ம் தேதி விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கியது. பிளஸ் டூ முடித்தவர்கள் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கும், டிகிரி முடித்தவர்கள் 6 முதல் 8 வரையான பிள்ளைகளுக்கும் மாலை நேரத்தில் சொல்லிக்கொடுக்கலாம் என்பது அப்போதைய ஏற்பாடு. ஒரு தன்னார்வலருக்குச் சுமார் 20 குழந்தைகள். மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாய். திட்டம் உச்சத்தில் இருந்தபோது சுமார் 2 லட்சம் பேர் இதில் இருந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பான்மை பெண்கள்.

யார் அந்தப் பெண்கள்? கல்யாணத்துக்குப் பிறகு சர்டிஃபிகேட்டை பீரோவில் பூட்டிவைத்த மருமகள்கள். கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த தங்கைகள். திண்ணையில், கோயில் மண்டபத்தில், வேப்ப மர நிழலில், மொட்டை மாடியில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். நேற்றுவரை 'அந்த வீட்டு மருமகள்' என்று மட்டும் ஊருக்குத் தெரிந்தவர், ஒரே மாதத்தில் தெருப் பிள்ளைகளுக்கு 'மிஸ்' ஆனார். குழந்தைக்குத் திரும்ப எழுத்து வந்தது ஒரு பக்கம். தன் படிப்பு வீண் இல்லை என்று ஒரு பெண்ணுக்குத் தெரிந்தது இன்னொரு பக்கம்.

ஊரே எடுத்து வரும் சீர்

நம் ஊரில் சீர் என்றால் எல்லோருக்கும் தெரியும். காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர், வளைகாப்புக்குப் பிறந்த வீட்டுச் சீர். சில வருடங்களாகத் தமிழ்நாட்டின் பல கிராமங்களில் 'கல்விச் சீர்' என்று ஒன்று நடக்கிறது. மேளதாளத்தோடு ஊரே ஊர்வலமாகக் கிளம்பும். தாம்பாளத்தில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு. அதற்குப் பின்னால் தலைச்சுமையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், பீரோ, ஃபேன், தட்டு, டம்ளர், நோட்டுப் புத்தகங்கள், உலக உருண்டை. போய்ச் சேரும் இடம் ஊர்ப் பள்ளிக்கூடம். வாசலில் ஆசிரியர்கள் நின்று வரவேற்று வாங்கிக்கொள்வார்கள்.

நாற்காலியை ஒரு டெம்போவில் ஏற்றி இறக்கியிருக்கலாமே, எதற்கு மேளம் என்று தோன்றலாம். மேளத்துக்கு அர்த்தம் இருக்கிறது. 'இந்தப் பள்ளி எங்கள் வீட்டுப் பெண் மாதிரி, நாங்கள் அதற்குத் தாய்மாமன்' என்று ஊர் உரக்கச் சொல்கிறது. அதைப் பார்த்து வளரும் பிள்ளை பள்ளிச் சுவரில் கிறுக்குமா?

இது புதிதும் இல்லை. காமராஜர் ஆட்சியில் கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு, 1958-ல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாட்டைத் தொடங்கினார். பின்னர் மாநிலம் முழுக்க அப்படி மாநாடுகள் நடந்தன. பள்ளிக்கு என்ன தேவை என்று பட்டியல் போட்டு ஊரார் முன்னால் வைப்பார்கள். நிலம் இருப்பவர் நிலம் கொடுத்தார். மற்றவர்கள் பெஞ்ச், கரும்பலகை, கடிகாரம், சீருடை என்று முடிந்ததைக் கொடுத்தார்கள். இன்றைக்கும் பல பழைய பள்ளிகளின் சுவர்க் கல்வெட்டில் அப்படிக் கொடுத்தவர்களின் பெயரைப் பார்க்கலாம்.

வாசலில் நிற்கும் ஹெச்.எம்

ஆசிரியர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியுமா? மே, ஜூன் மாதங்களில் கிராமங்களில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். தலைமையாசிரியரும் இரண்டு ஆசிரியர்களும் கையில் நோட்டீஸோடு வீடு வீடாகப் போவார்கள். "உங்க பையனை நம்ம ஸ்கூல்ல சேருங்கம்மா" என்று வாசலில் நின்று கேட்பார்கள். சிலர் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டும் போவார்கள்.

அதற்குப் பின்னால் ஒரு பயம் இருக்கிறது. பிள்ளைகள் இல்லையென்றால் பள்ளி இல்லை. 2019-ல், மாணவர் சேர்க்கையே இல்லாத 40-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளை நூலகங்களாக மாற்ற முடிவெடுக்கப்பட்டது. இருப்பதிலேயே ஏழை வீட்டுப் பிள்ளைக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்த பள்ளி போனால், இழப்பு அந்தப் பிள்ளைக்குத்தான். இது தெரிந்த ஆசிரியர்தான் வெயிலில் வாசல் வாசலாக நிற்கிறார். 'வாத்தியாருக்கு என்னப்பா, மாசம் பிறந்தா சம்பளம்' என்று பேசுபவர்கள், அந்த வாசலில் ஒரு மணி நேரம் நின்று பார்க்கலாம்.

கடைசி பெஞ்சின் மொழிபெயர்ப்பாளர்

பிள்ளைகளிடமிருந்தும் கற்றுக்கொள்ளலாம். திருப்பூர், சென்னை, கோவை பக்கம் அரசுப் பள்ளிகளில் இன்று பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் தமிழ் வழியில் படிக்கிறார்கள். வீட்டில் இந்தி அல்லது ஒடியா, வகுப்பில் 'அம்மா, ஆடு, இலை'.

முதல் நாள் அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. டீச்சருக்கும் அந்த மொழி தெரியாது. போன வருடம் வந்து சேர்ந்து, தமிழ் கற்றுக்கொண்ட இன்னொரு பிள்ளைதான் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்க்கும். மைதானத்தில் 'டேய், பாலைப் போடுடா' என்று கத்தும் உள்ளூர்ப் பையன்கள் மீதிப் பாடத்தை நடத்திவிடுவார்கள். வெளியே பெரியவர்கள் 'வடக்கன்' என்று மீம் போட்டுக்கொண்டிருக்கும்போது, வகுப்புக்குள் இரண்டு பிள்ளைகள் ஒரே முட்டையைப் பங்கு போட்டுக்கொண்டிருப்பார்கள்.

கைதட்டல் மட்டும் போதுமா?

இவர்களையெல்லாம் படிக்கும்போது மனசு நிறையும். லைக் போடுவோம், ஷேர் செய்வோம். அங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது. 'தியாகம்', 'சேவை' என்று புகழ்ந்துவிட்டால், அவர்களுக்குச் சேர வேண்டியதைக் கேட்க மறந்துவிடுகிறோம்.

அண்மையில் சத்துணவுக் கூடங்களில் சமையல் உதவியாளர் இடங்களை நிரப்ப அரசு பிறப்பித்த உத்தரவில் சொன்ன ஆரம்பத் தொகுப்பூதியம், மாதம் 3,000 ரூபாய். பல பள்ளிகளில் கழிவறையைச் சுத்தம் செய்பவருக்குக் கிடைப்பதும் சொற்பத் தொகைதான். ஓவியம், உடற்கல்வி, தையல், கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் பகுதி நேர ஆசிரியர்கள் 2012-ல் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள். பத்து வருடங்களுக்குப் பிறகும் அவர்கள் 'பகுதி நேரம்' என்ற பெயரோடு, பணி நிரந்தரம் கேட்டுச் சாலையில் உட்கார வேண்டியிருந்தது. நம் குழந்தை வரைந்த ஓவியத்தை ஃபிரேம் போட்டு மாட்டுகிறோம். அதைச் சொல்லிக்கொடுத்தவர் வீட்டு வாடகையை எப்படிக் கொடுக்கிறார் என்று யோசித்ததுண்டா?

தனியார் பள்ளிகளிலும் நிலைமை பெரிதாக வேறில்லை. வேன் டிரைவர், ஆயாம்மா, வாட்ச்மேன் சம்பளம் என்ன, லீவு உண்டா, பி.எஃப் பிடிக்கிறார்களா என்று ஃபீஸ் கட்டும் பெற்றோர் கேட்டதாகப் பெரும்பாலும் கேள்விப்படுவதில்லை. ஒருவரைப் பார்த்து ஊக்கம் பெற்றோம் என்றால், அவர் நன்றாக இருக்கிறாரா என்று விசாரிப்பதும் அதில் சேர்த்திதான்.

இந்த வாரம் நீங்கள் செய்யக்கூடியவை

*பெயரைக் கேளுங்கள்:* உங்கள் பிள்ளையின் பள்ளியில் சமைப்பவர், சுத்தம் செய்பவர், வேன் ஓட்டுபவர், கேட்டில் நிற்பவர். இவர்களின் பெயரைத் தெரிந்துகொண்டு வரும்படி பிள்ளையிடம் சொல்லுங்கள். நாளையிலிருந்து 'ஆயாம்மா' என்பதோடு பெயரும் சேர்ந்து வரட்டும்.

*கூட்டத்துக்குப் போங்கள்:* கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். தமிழ்நாட்டில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். கழிவறைக்குத் தண்ணீர் வருகிறதா, சுத்தம் செய்பவருக்குச் சம்பளம் சரியாகப் போகிறதா என்று கேட்கிற உரிமை அங்கே இருக்கிறது. அடுத்த கூட்டம் எப்போது என்று ஹெச்.எம்-மிடம் கேளுங்கள்.

*படித்த பள்ளிக்குத் திரும்பிப் போங்கள்:* பணம்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. எலெக்ட்ரீஷியன் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபேன்களைச் சரிபார்க்கலாம். நர்ஸ் என்றால் பெண் பிள்ளைகளிடம் ஒரு மணி நேரம் பேசலாம். பணமாகக் கொடுக்க விரும்பினால், 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் மூலம், குறிப்பிட்ட பள்ளியைத் தேர்ந்தெடுத்து ஆன்லைனிலேயே கொடுக்க முடியும்.

*நின்றுபோன பிள்ளையைக் கவனியுங்கள்:* உங்கள் தெருவில் பள்ளிக்குப் போகாமல் ஒரு பிள்ளை இருக்கிறதா? பக்கத்துப் பள்ளி ஆசிரியரிடம் சொல்லுங்கள். கல்வி உதவி எண் 14417-க்கும் போன் செய்யலாம்.

*மேடைக்கு அழையுங்கள்:* இந்த வருட ஆண்டுவிழா அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் ஒரு வரி சேர்க்கச் சொல்லி, பெற்றோர் நான்கு பேர் சேர்ந்து கேளுங்கள். பள்ளியின் மூத்த சமையலருக்கோ தூய்மைப் பணியாளருக்கோ மேடையில் ஒரு நாற்காலி. பரிசு கொடுப்பவராக அவர் இருக்கட்டும். முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளை அவர் கையால் கோப்பை வாங்கினால், அந்த வருடம் அந்தப் பிள்ளை படித்த பாடங்களில் அதுவும் ஒன்றாக இருக்கும்.